திரைப்படக் கல்வியில் கலாநிதிப் பட்டம்

படம் பார்ப்பதற்கு இரண்டு கண்களும் ஒரு சீட்டும் போதும். ஆயின், திரைப்படத்தை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற விரும்பும் மாணவரிடம் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் எவற்றையெல்லாம் எதிர்பார்க்கின்றன? பொழுதுபோக்கென்று பலர் கருதும் ஒன்றுக்கு இத்துணைப் பெரிய பட்டம் எதற்கு என்னும் ஐயம் நேயர்கள் சிலருக்கு எழுதல் இயல்பே. அப்பட்டத்துக்கு விதிக்கப்பட்டுள்ள நிபந்தனைகளை நோக்கினால் அவ்வையம் தானே நீங்கும்.

இத்துறை மிகப் பழையதன்று. ஒஸ்கார் பரிசு வழங்கும் கழகத்தின் துணையோடு தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டில் திரைப்படத்தைப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கிற்று. திரைப்படத்தை ஆராயும் அறிஞர்கள் 1959இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். தொலைக்காட்சி முதலிய சாதனங்களும் ஆய்வுக்குரியனவாய் வளர்ந்தமையால், 2002இல் அச்சங்கம் ‘ஊடகம்’ என்னும் சொல்லையும் தன் பெயரிலே சேர்த்துக்கொண்டது.

மாணவர் முதலில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வகுப்புகளுக்குச் செல்லல் வேண்டும். திரைப்பட வரலாறு, திரைப்படக் கோட்பாடு, ஆராய்ச்சி முறை ஆகியன அங்கே பயிலப்படும். சிறு குழுவாக அமர்ந்து படத்தைப் பார்த்து, நூல்களைப் படித்து, விவாதித்து, கட்டுரை எழுதுவதே இவ்வகுப்புகளின் நடைமுறை. பல பல்கலைக்கழகங்கள் பிறமொழியொன்றை வாசித்து விளங்கும் ஆற்றலையும் வேண்டுகின்றன. ஜப்பானியப் படங்களை ஆராய்பவர் ஜப்பானிய மொழி அறியாதிருந்தால், அக்காலத்துச் சஞ்சிகைகளும் தணிக்கை ஏடுகளும் அவருக்குப் பூட்டிய கதவுகளே.

அடுத்துத் தகுதிப் பரீட்சை வருகிறது. நூல்களும் படங்களும் கொண்ட நீண்ட பட்டியல்களை மாணவர் பேராசிரியர்களோடு கலந்து வகுத்துக்கொண்டு, அவற்றைக் கற்றுத் தேர்ந்து, எழுத்திலும் பெரும்பாலும் வாய்மொழியிலும் விடையளிக்க வேண்டும். அதன்பின், தாம் ஆராயப்போகும் பொருள் யாது, அதுபற்றி முன்னோர் கூறியவை எவை, தாம் புதிதாகக் கூறப்போவது என்ன, சான்றுகள் எங்கே உள்ளன என்பவற்றை விளக்கும் ஆய்வுத் திட்டத்தை ஒரு குழுவின் முன் வைத்து அங்கீகாரம் பெறுதல் வேண்டும்.

இவை யாவும் வாயிற்படிகளே. பட்டத்தின் உயிர்நிலை ஆய்வேட்டிலே இருக்கிறது. ஆய்வேடு எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் காண்போம். நியூயோர்க் பல்கலைக்கழகத்திலே ரொம் கன்னிங் என்பவர், டி. டபிள்யூ. கிரிபித் என்னும் நெறியாளர் பயோகிராப் கம்பனியில் ஆக்கிய தொடக்ககாலக் குறும்படங்களை ஆராய்ந்தார். கதை சொல்லும் முறை திரையிலே எவ்வாறு உருப்பெற்றது என்பதே அவருடைய கேள்வி. அவ்வாய்வு 1991இல் நூலாகவும் வெளிவந்தது.

அக்காலத்துப் படங்கள் எஞ்சிய வரலாறும் வியப்புக்குரியது. 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்குத் தனியிடம் இருக்கவில்லை. ஆகவே, படமெடுத்தோர் பலர் தம் படங்களைக் காகிதச் சுருளில் அச்சிட்டு, புகைப்படங்களாக வாஷிங்டனில் பதிவுசெய்தனர். எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருள்கள் எரிந்தும் சிதைந்தும் அழிந்தன, காகிதமோ நிலைத்தது. பின்னாளில் அக்காகிதப் படங்கள் மீண்டும் சுருளிலே பதிக்கப்பட்டன. 3,000க்கு மேற்பட்ட படங்கள் இவ்வண்ணம் உயிர் தப்பின.

எல்லாப் படங்களுக்கும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டின் மௌனகால முழுநீளப் படங்கள் ஏறத்தாழ 11,000இல் மூலவடிவத்தில் எஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே. பார்க்கவியலாத படத்தைப் பற்றி எழுத நேரும் மாணவர், விளம்பரம், விமர்சனம், கதைச்சுருக்கம், கணக்கேடு ஆகியவற்றைத் துருவி உண்மையை நிறுவ வேண்டியவராகிறார். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துரைக்கும் நேர்மை இங்குதான் சோதிக்கப்படுகிறது.

இப்பாதையில் இடையிலே தங்கிவிடுவோரும் பலர். மனிதப் பண்பியல் துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தோருள் பத்தாண்டுகளில் அதை நிறைவு செய்தவர் பாதியளவினரே என அமெரிக்கப் பட்டமேற்படிப்புச் சபை 2008இல் அறிவித்தது. வகுப்புகளுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. பரீட்சைக்கும் நாள் உண்டு. ஆய்வேட்டுக்கோ மாணவர் தாமே நாள் வகுக்க வேண்டும். உதவிப்பணம் ஓரெல்லையில் நின்றுவிடும். பிழைப்புக்காகக் கற்பிக்கும் வேலை எழுதும் நேரத்தை விழுங்கிவிடும். பாடங்களை முடித்து, பரீட்சையிலும் தேறி, ஏட்டை மட்டும் எழுதாது நின்றவரின் உழைப்புப் பயனற்றதன்று. எனினும் அவருக்குப் பட்டமில்லை.

இதனை உணர்ந்த ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறும் அறிவுரை எளியது. கேள்வியைச் சுருக்குக, சான்று கிட்டும் பொருளைத் தெரிக, வகுப்புக் கட்டுரையையே அத்தியாயத்துக்கு வித்தாக்குக, நாடோறும் சிறிதாயினும் எழுதுக.

ஏடு முற்றுப்பெற்றதும் பேராசிரியர் குழு அதை வாசித்து வினாக்கள் தொடுக்கும். மாணவர் தம் முடிபை நிலைநாட்டி, திருத்தங்கள் செய்து, ஏட்டைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறார். பின்வருவோர் எடுத்து வாசிக்கவும், தவறு கண்டால் மறுக்கவும் அது அங்கே காத்திருக்கும். எத்தனை படம் பார்த்தார் என்பதற்காக எவருக்கும் இப்பட்டம் வழங்கப்படுவதில்லை. எவரும் அறியாதிருந்த ஓர் உண்மையைச் சான்றோடு நிறுவியதற்காகவே வழங்கப்படுகிறது.