வறுவலின் தரம் அறிதல்

மாலையில் கல்லூரி விட்டதும் மாணவர் கூட்டம் ஒதுங்கும் இடங்களுள் ஒன்று வறுவல் கடை. 'ஹாட் சிப்ஸ்' என்னும் பெயர்ப்பலகை இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அரிது. ஆஸ்திரேலியாவில் இதே பெயரைச் சொல்லிக் கேட்டால், விரல் பருமனுள்ள உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பொரித்துத் தருவார்கள். நம் ஊரிலோ அப்பெயர் மெல்லிதாகச் சீவிய வறுவலையே குறிக்கும். அதனை வாங்கி உண்போர் பலர். 'இன்ன கடையே சிறந்தது' என்று வழக்காடுவோரும் பலர். எதனால் சிறந்தது என்று கேட்டால், 'சூடாக இருந்தது, காரமாக இருந்தது' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். சூடும் காரமும் வறுவலின் குறைகளை மறைக்கவல்ல திரைகள் என்பது என் கருத்து. அதனைச் சற்றே விளக்க விரும்புகிறேன்.

வாணலியில் நிகழ்வதை முதலில் நோக்குவோம். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர். 170 முதல் 180 பாகை செல்சியசு வரை காய்ந்த எண்ணெயில் சீவல் விழுந்ததும், அந்நீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அப்போது தோன்றும் குமிழிகளைக் கண்டு எண்ணெய் கொதிக்கிறது என்கிறோம். உண்மையில் அவை கிழங்கின் நீராவியே. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே புகுவது எளிதன்று. நீர் வற்ற வற்ற இரைச்சல் தணியும். கைதேர்ந்தவர் கடிகாரத்தைப் பாராமல், அவ்வோசை அடங்குவதைக் கேட்டே கண்கரண்டியை இடுவார். எடுத்தபின், ஆறும் வேளையில்தான் மேலே ஒட்டிய எண்ணெய் நுண்துளைகளுக்குள் மிகுதியாக ஈர்க்கப்படுகிறது. எனவே கரண்டியை வாணலியின் மேலேயே பிடித்து உதறி, நன்கு வடியவிட்டுத் தட்டில் இடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். அதற்காக, விரலில் எண்ணெய் ஒட்டியது என்ற ஒன்றையே குற்றமாகச் சாட்டுதல் நேர்மையாகாது. நல்ல வறுவலிலும் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான்.

வறுப்பவருக்குச் செவி உதவுவது போலவே உண்பவருக்கும் உதவுகிறது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸாம்பினி, ஸ்பென்ஸ் என்னும் இருவர் 2004-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வறுவலைக் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியில் பிடித்து, கடிப்பவரின் காதிலேயே சிறிது பெருக்கிக் கேட்கச் செய்தபோது, அதே வறுவலை அவர்கள் கூடுதல் மொறுமொறுப்பானது, புதியது என்று மதிப்பிட்டார்கள்! இவ்வாய்வுக்கு 2008-இல் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசும் கிடைத்தது. சிரிப்புக்குரியதாயினும் அது மெய்யான பாடம். ஆரவாரம் மிக்க தெருவோரத்தில் நின்று மொறுமொறுப்பைத் தீர்மானிப்பது முறையன்று.

இனி நிறம். பொன்னிறமே நல்லது என்பது பொதுவாகச் சரிதான். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் இணைந்து உண்டாக்கும் அந்நிறத்தின் வேதியியலை 1912-இல் வெளியிட்டவர் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். ஆனால் வறுவல் கறுத்திருந்தால் உடனே வறுத்தவரைப் பழிக்க வேண்டா. குளிர்பதனக் கிடங்கில் 4 பாகை அளவில் நெடுநாள் வைத்த கிழங்கில் மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அத்தகைய கிழங்கை எவ்வளவு திறமையாக வறுத்தாலும், உள்ளே நீர் வற்றுமுன் வெளியே கறுத்துக் கசக்கும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் 'குஃப்ரி சிப்சோனா' என்னும் வகைகளை வெளியிட்டது இக்குறை நோக்கியே. அவற்றில் சர்க்கரை குறைவு, உலர்பொருள் மிகுதி. கறுத்தவற்றை ஒதுக்கிவிடுவது நன்று. மாவுப்பொருள் நிறைந்த உணவை மிகுந்த சூட்டில் பொரிக்கையில் அக்ரிலமைடு என்னும் தீய பொருள் உண்டாவதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2002-இல் அறிவித்தனர். கருகக் கருக அது மிகும்.

எல்லாவற்றினும் தலையாயது எண்ணெய். மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய் சிதைந்து தடித்து, அடங்காத நுரை கட்டி, குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். சிதைவினால் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைக் கடந்தால் அவ்வெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. 2018 ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் ஒவ்வொரு வாணலியின் அருகிலும் ஓர் அதிகாரி நிற்க இயலுமா? அங்கே நிற்பவர்கள் நாம்தாம்.

ஒரே தெருவில் இரண்டு கடைகள் உள்ளன என்று கொள்வோம். ஒருவர் பழைய எண்ணெயை உரிய காலத்தில் அகற்றிப் புதிது ஊற்றுகிறார். மற்றவர் குறைந்த அளவுக்கு மட்டும் மேலே ஊற்றி, மிளகாய்த் தூளைத் தாராளமாகத் தூவுகிறார். இவ்வேற்றுமை நம் நாவுக்குப் புலப்படாதாயின், முன்னவர் தம் நாணயத்துக்கு நாள்தோறும் தண்டம் கட்டுகிறார் என்பதே பொருள். எத்தனை நாள் கட்டுவார்? ஒன்று, அவரும் பழைய எண்ணெயைக் காய்ச்சத் தொடங்குவார். அன்றேல் கடையைக் கட்டுவார். இரண்டுக்கும் நாமே காரணர் ஆவோம்.

ஆதலால் சோதிக்கும்போது தூள் தூவாத வறுவலைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த நொடியில் அது சற்றுத் துவண்டே இருக்கும். ஆறும்போதுதான் மாவுப்பொருள் கண்ணாடிபோல் இறுகி மொறுமொறுப்பு எய்தும். சூட்டில் ஒன்று, நன்கு ஆறியபின் ஒன்று என உண்டு பாருங்கள். சூட்டில் பதுங்கியிருந்த சிக்கு நாற்றம் ஆறியபின் தலைகாட்டும். தொண்டையில் கமறலும் நாவில் வழவழப்பும் தங்கும். நல்ல வறுவலில் கடைசியாக நிற்பது கிழங்கின் மணம். கொதிக்கக் கொதிக்க நெகிழிப் பையில் இட்டு இறுகக் கட்டித் தருவார்களாயின், உள்ளே ஆவி நீராகி எல்லாம் தொய்ந்துவிடும். அது கட்டியதன் குற்றம், வறுத்ததன் குற்றமன்று. ஒருமுறை உண்டு தீர்ப்புச் சொல்லவும் வேண்டா. கடை திறந்த வேளையில் ஒரு நாளும், மூடும் வேளையில் ஒரு நாளும் சென்றால் எண்ணெயின் வரலாறு தெரிந்துவிடும்.

இவ்வளவும் உருளைக்கிழங்குக்குச் சொன்னவை. தேங்காயெண்ணெயில் பொரித்து, காயும் எண்ணெயிலேயே உப்பு நீர் தெளித்து எடுக்கும் நேந்திரங்காய் வறுவலுக்கு இவ்வளவுகோல்கள் அப்படியே பொருந்தா. அங்கே தேங்காயெண்ணெயின் மணமே சுவையில் பாதி. சீவலும் சற்றுத் தடித்திருக்கும். அதனைப் பேசப் புகுந்தால் நாகர்கோவிலுக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்ல வேண்டும். அதற்கு வேறொரு மாலைப்பொழுது வேண்டும்.