பளிங்குக்கல் காட்டும் வெப்பநிலை

சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெந்து, அழுந்தி, பளிங்குக்கல்லாக மாறுகிறது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் பக்கம் அப்படிப்பட்ட பாறை உண்டு. அது வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. எவ்வளவு சூட்டில் வெந்தது? அந்தக் கணக்கு கல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கார்பன் அணுக்களில் லேசானவை உண்டு, சற்றே கனமானவையும் உண்டு. இந்த இரண்டும் காலப்போக்கில் சிதைவதில்லை. அதனால் இவை நிலையான ஐசோடோப்புகள். வயதைக் கணிக்கும் கார்பன் 14 வேறு.

அம்பாசமுத்திரம் கல்லில், பளிங்கின் முக்கியக் கனிமமான கால்சைட்டும் கிராஃபைட்டும் ஒட்டியே இருக்கின்றன. கிராஃபைட் என்பது பென்சிலில் எழுதும் அதே கருப்புப் பொருள்தான். இரண்டிலும் கார்பன் உண்டு. கனமான கார்பன் கால்சைட்டில் கூடுதலாகச் சேரும். சூடு குறைவென்றால் இந்த வித்தியாசம் பெரிது. சூடு ஏற ஏற வித்தியாசம் சிறுத்துவிடும். வித்தியாசத்தை அளந்தால் வெப்பநிலை தெரியும். இந்தக் கல் 700 டிகிரி செல்சியசைத் தாண்டி வெந்திருக்கிறது.

கால்சைட்டில் ஆக்சிஜனும் உண்டு. ஆனால் அதை அவ்வளவாக நம்ப முடியாது. பிற்காலத்தில் பாறைக்குள் புகும் நீரில் ஆக்சிஜன் ஏராளம், கார்பன் சொற்பம். கிணற்றில் ஒரு கரண்டி உப்பு போட்டால் கிணறு கரிக்காது. பாறையின் கார்பனும் அந்தக் கிணறு போலத்தான், சுலபத்தில் மாறாது. ஆக்சிஜன் மாறிவிடும். கிராஃபைட் இன்னும் பிடிவாதம். அதன் படிகம் ஆறிய பிறகு கார்பனை எளிதில் மாற்றிக்கொள்வதே இல்லை.