ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி

நம்ம ஐடி விங் கூட்டத்துல பேசினது, எழுத்து வடிவில்:

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம்ம சென்னையில்தான். கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும். இன்னைக்கு அந்தத் தொற்று வராமலே தடுக்க லெனகாபவிர்னு ஒரு ஊசி வந்திருக்கு. வருஷத்துக்கு ரெண்டே தடவை.

தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கிட்ட 2,134 பெண்களில் ஒருத்தருக்குக்கூட தொற்று வரல. ஒருத்தருக்குக்கூட! இதே தடுப்புக்குத் தினசரி மாத்திரை ஏற்கெனவே இருக்கு. ஆனா வீட்டுல யாராவது டப்பாவைப் பார்த்துட்டா? அந்தப் பயம் ஊசியில் இல்லை. தொற்று இல்லைன்னு டெஸ்ட்ல உறுதியான பிறகுதான் போடணும், அவ்வளவுதான்.

இப்ப விலைக்கு வருவோம். அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,218 டாலர். இதன் ஜெனரிக்கை 2027 முதல் 120 நாடுகளுக்கு வருஷம் சுமார் 40 டாலருக்குத் தர முன்வந்திருப்பவை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ. ரெண்டுமே ஹைதராபாத் கம்பெனிகள்.

ஹைதராபாத் கம்பெனிகள் தரப்போற ஊசி, நம்ம அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு எப்ப வரும்? உங்க எம்.எல்.ஏ., எம்.பி. யாரா இருந்தாலும் கேளுங்க. நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கேளுங்க.