பற்றும் பத்தும்



யாங்கோனில் நாம் கூடியிருக்கும் கியாக்டடாவிலிருந்து சூலே பகோடா சாலையைக் கடந்தால் பபேடான் வந்துவிடும். அங்கே ஷ்வே போன் தா தெருவுக்கு அந்நாளில் மொகல் ஸ்ட்ரீட் என்று பெயர். நகரத்தார் என்னும் செட்டியார்களின் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கிகள் நிறைந்திருந்த வீதி. நடப்பு வட்டி எவ்வளவு என்பதை மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் முடிவுசெய்வார்கள். அந்தக் கிட்டங்கிப் பேரேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் இருந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

வரவு ஒரு புறம், பற்று மறுபுறம். கடன் வாங்கியவர் பேரில் பற்று எழுதுவார்கள். அதே பற்றுத்தான் மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்னும்போது அன்பாகிறது. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஏழு சீர்கள். ஆறில் இந்தச் சொல் இருக்கிறது. பற்றை விடச் சொல்லும் வள்ளுவரே ஒரு பற்றைப் பிடிக்கவும் சொல்கிறார். பிடித்தல் என்ற வேர்ப்பொருள் எங்கும் மாறவில்லை. தீ பற்றுகிறது. ஈயத்தால் குடத்தைப் பற்றவைக்கிறோம். தலைவலிக்குச் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிறோம்.

நிலத்துக்கும் இதே பெயர் உண்டு. பழைய கல்வெட்டுகளில் படைப்பற்று என்று வரும். மட்டக்களப்பில் மண்முனைப்பற்று, எருவில்பற்று, கோறளைப்பற்று என்று இன்றும் நிர்வாகப் பிரிவுகள் இருக்கின்றன. கடனும் நிலமும் ஒரே சொல்லில் நிற்பது ஏட்டளவில் ஒரு செய்தி. பர்மாவில் அது வாழ்க்கையிலேயே நடந்தது. 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபோது இந்நாட்டில் சுமார் 1650 செட்டியார் கடைகள் இருந்தன; அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். கொடுத்தவர்கள் வேண்டியது பணத்தை, வயலை அல்ல. நெல் விலை சரிந்ததும் உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 விழுக்காடே செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு. பேரேட்டுப் பற்று நிலப் பற்றாக மாறிய அந்த எட்டு ஆண்டுகளின் கசப்பு இரு தரப்பாரையும் நெடுங்காலம் வாட்டியது. பர்மிய உழவரின் இழப்பையும் சேர்த்துச் சொல்லாமல் நம் வணிகப் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இனி எழுத்துக்கு வருகிறேன். பேச்சில் காற்று காத்தாகிறது, நேற்று நேத்தாகிறது. பற்றும் பத்தாகிப் போய் எண்ணோடு கலந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தார் நாக்கோ இரண்டையும் இன்னும் பிரித்தே ஒலிக்கிறது. ‘சம்பளம் பத்தாது’ என்கிறோமே, அதற்கும் எண் பத்துக்கும் உறவில்லை. அது பற்றாது. பற்றாக்குறை என்று எழுதும்போதுதான் அதன் குலம் தெரிகிறது. பத்துப் பாத்திரம் என்பதும் பத்துப் பாத்திரங்கள் அல்ல. சோறு பற்றிய, துலக்க வேண்டிய பாத்திரம். ‘அவரைப் பத்தி’ என்பதிலும் பற்றிதான் இருக்கிறது. பக்தியைத் தமிழாக்கிய பத்தி வடமொழி வழி வந்தது. ஒலி ஒன்றானாலும் அது வேறு குடும்பம்.

இந்த ஊரில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1960களில் பள்ளிகள் அரசுடைமையானபின் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாகவே வந்து சேர்ந்தது. காதால் மட்டும் கற்றவர்களுக்குப் பற்றும் பத்தும் ஒன்றுதான். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் றகரத்தை எழுதிப் பழகாவிட்டால், பாட்டி அன்றாடம் புழங்கிய இந்தப் பற்றுச் சொற்களெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கோயில் வகுப்புகளில் பாடம் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். றகரம் நடத்தும் நாளில் ‘பத்தாது’, ‘பத்திக்கிச்சு’, ‘பத்துப் பாத்திரம்’ மூன்றையும் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் பலகையில் றகரம் இட்டு எழுதிக் காட்டுங்கள். பக்கத்திலேயே ‘பத்து கியாட்’ என்று தகரம் இட்டு எழுதுங்கள். வேறுபாட்டை அவர்களே சொல்வார்கள்.