கல்வியைப் பற்றிக் கற்றல்

(நூற்றாண்டு விழாவில், ஆசிரியைகளான பழைய மாணவிகளின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இப்பாடசாலையிற் படித்து, ஆசிரியத் தொழிலுக்குப் போய், நடுவயதில் மீண்டும் மாணவிகளாகிக் கல்வி முதுமாணிப் படிப்பை முடித்தவர்கள் நாங்கள். "படிப்பிக்கத்தான் ஏற்கெனவே தெரியுமே, அங்கே போய் என்ன படிக்கிறீர்கள்?" என்று வீட்டிலும் கேட்டார்கள், ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். அதற்கு இன்று மறுமொழி சொல்லலாம் என்று வந்திருக்கிறோம்.

பலர் இப்படிப்பிற் சேருவது பதவியுயர்வுக்காக. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வார நாட்களிற் பாடசாலை, சனி ஞாயிறில் விரிவுரை, பிள்ளைகள் உறங்கிய பின் ஒப்படை என்று ஓடுபவருக்குச் சம்பளத்தில் ஏதாவது கூடத்தான் வேண்டும். ஆனால் எந்த நோக்கத்தோடு போனாலும் அங்கே சில கேள்விகள் எம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன.

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை 1949இல் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தாயிற்று. வந்தவர்களுக்கு எதற்காக, எதை, எப்படிக் கற்பிப்பது என்பதையும் யாராவது ஆராயத்தானே வேண்டும்? இன்று கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலும், திறந்த பல்கலைக்கழகத்திலும், மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலும் அதை ஆராயலாம்.

எம்மை மிகவும் பிடித்துக்கொண்டவர் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஆரம்ப வகுப்புகளில் நெடுநாள் அமர்ந்து அவதானித்து, 1968இல் வகுப்பறை வாழ்க்கை பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளைகள் நாளில் எவ்வளவு நேரம் வெறுமனே காத்திருக்கிறார்கள் என்பதை அவர் கவனித்தார். கையை உயர்த்திக் காத்திருப்பது, கொப்பி காட்ட வரிசையிற் காத்திருப்பது, மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பது. கூட்டத்தில் ஒருவராய் இருக்கவும், எந்நேரமும் மதிப்பிடப்படவும், அதிகாரத்துக்கு இசையவும் பிள்ளை பழகுகிறது. எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத இதற்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் மறைகலைத்திட்டம் என்கிறோம்.

பயிற்சிக்காக நாமும் கொப்பியோடு வகுப்புகளின் பின் வாங்கில் அமர்ந்தோம். நாற்பது நிமிடப் பாடத்தில் ஆசிரியை எந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கேட்கிறாரோ, அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. முன் வரிசைப் பெயர்களுக்குக் கோடுகள் நிறைந்தன. சில பெயர்களுக்கு நேரே ஒன்றுமேயில்லை. அந்தப் பிள்ளைகள் குழப்படி செய்யவில்லை. தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரியுமில்லை, குழப்படிக்காரியுமில்லை என்றால் ஒரு பிள்ளை யார் கண்ணிலும் படாமலே பதினொராம் தரம்வரை போய்விட முடியும். பாடம் நல்ல பாடம், ஆசிரியையும் அக்கறையுள்ளவர். அதனாலேயே அந்த வெற்று இடங்கள் எம்மை உறுத்தின. வெளிவரவிருக்கும் மலரில் பரிசு பெற்றவர்களின் படங்கள் இருக்கும், இருக்கட்டும். கோடு விழாத பெயர்களும் எம் பழைய மாணவிகள்தாம்.

இன்னொன்று, எம் சங்கத்துக்கு நெருக்கமான விடயம். ஜோன் டூயி 1896இல் சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பாடசாலை தொடங்கியவர். பிள்ளைகள் செய்து பழகக்கூடிய மேசை கதிரைகளைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாராம். கடைகளில் இருந்தவையெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கு மட்டுமே ஏற்றவை. அதை ஒரு வியாபாரியே அவரிடம் ஒப்புக்கொண்டாராம். நூறு ஆண்டுகளாக நாம் இப்பாடசாலைக்கு மேசை கதிரை கொடுத்து வருகிறோம். இப்போது திறன் பலகை கேட்கிறார்கள். கொடுப்போம். ஆனால் அதன் முன்னால் இருக்கும் பிள்ளை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன?

எம்முடைய ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலக அலுமாரிகளில் தூசி படிந்து கிடக்கின்றன. பட்டத்துக்காக எழுதினோம், பட்டம் கிடைத்தது, அத்தோடு சரி. எமக்குத் தகவல் தந்த ஆசிரியைகள்கூட அவற்றை வாசித்ததில்லை. இது அநியாயம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு ஆசிரியைகள், தாம் கற்பிக்கும் இதே வகுப்பறைகளைப் பற்றிச் செயல்நிலை ஆய்வு செய்யட்டும். அவர்கள் அவதானிக்கும் நேரத்தில் வகுப்பைப் பார்க்க வருபவருக்கு ஒரு கொடுப்பனவு, அச்சுச் செலவு, அவ்வளவுதான். கண்டதை எம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வந்து சொல்லட்டும், கேட்க எமக்குப் பிடிக்காததாய் இருந்தாலும். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சகோதரிகளே, கட்டடமென்றால் உங்கள் பெயரைக் கல்லிற் பொறிக்கலாம். இதில் பொறிக்க இடமில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறோம்.

எழுத்துமூல விண்ணப்பத்தைச் செயலாளரிடம் கையளித்துள்ளோம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.