கம்பி யாருக்குச் சொந்தம்? நம்பர் யாருக்குச் சொந்தம்?

(அவிநாசியில் பனியன், விசைத்தறித் தொழிலாளர்களிடையே நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று பேசுவதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம், டெலிபோன் கம்பெனியையும் இன்டர்நெட் கம்பெனியையும் மாற்றுவது பற்றி. இதில் என்ன அரசியல் வைத்திருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நாம் ரேஷன் கடையில் கொடுப்பதைவிட மாதாமாதம் போனுக்குக் கட்டுகிற கிஸ்தி அதிகம். கூலி பாங்கில் ஏறியதா, காஸ் சிலிண்டர் எப்போது வரும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து என்ன சேதி, எல்லாம் ஒரு பத்து இலக்கத்தில் வந்து முடிகிறது. அந்தப் பத்து இலக்கம் யார் கைப்பிடியில் இருக்கிறது என்பது வயிற்றைச் சேர்ந்த கேள்வி.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31ந் தேதி நடந்தது. பேசியவர் யார் தெரியுமா? மேற்கு வங்க முதல் மந்திரி தோழர் ஜோதிபாசு. கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அன்று நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். கூப்பிடுகிறவனும் கட்ட வேண்டும், கூப்பிடப்படுகிறவனும் கட்ட வேண்டும். வந்த அழைப்புக்குக் காசு வாங்கும் அநியாயம் 2003 மே மாதம்தான் ஒழிந்தது. அதே 1995 ஆகஸ்ட் 15ந் தேதி, சர்க்கார் நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. 1998 நவம்பரில் அத்துறையில் தனியாரும் நுழைந்தார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இன்டர்நெட் என்றால் டயல்-அப். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்தவர்களும் அவர்களுக்கு வேலை செய்து கொடுத்த பட்டறைக்காரர்களும் மெயில் பார்ப்பதற்காக மோடத்தை டெலிபோன் கம்பியில் சொருகிவிட்டுக் காத்திருப்பார்கள். கீச்சு மூச்சென்று ஒரு சத்தம் வரும். பிறகு தொடர்பு கிடைக்கும், அல்லது கிடைக்காது. இன்டர்நெட் ஓடும்போது வீட்டுக்கு வரும் போன் எல்லாம் 'எங்கேஜ்'. மகா மந்தம், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. கம்பி சர்க்காருடையது, இன்டர்நெட் கொடுப்பவன் வேறு. ஒரு கம்பெனியின் மணிக்கணக்குப் பாக்கெட் தீர்ந்ததும் கடையில் வேறு கம்பெனியின் பாக்கெட்டை வாங்கி, வேறு நம்பரைச் சுழற்றினால் தீர்ந்தது. கம்பெனியை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டாம். போன் நம்பரும் மாறாது.

பிறகு பிராட்பேண்ட் வந்தது. 2004 அக்டோபரில் மத்திய சர்க்கார் பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்று இலக்கணம் வகுத்தார்கள். இன்று கேட்டால் நம் வாலிபர்கள் சிரிப்பார்கள். அன்று அது பெரிய வேகம்! 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' என்ற பெயரில் கொடுக்க ஆரம்பித்தது. ஒரே செப்புக் கம்பியில் தாழ்ந்த அலைவரிசையில் பேச்சும், உயர்ந்த அலைவரிசையில் இன்டர்நெட்டும் ஓடும். போன் 'எங்கேஜ்' ஆகாது. எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருந்தால் நல்ல வேகம். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் தேயும். ஐப்பசி மழையில் ஜாயின்ட் நனைந்தால் அதுவும் போகும். இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை என்று ஒரு திட்டம் இருந்தது. அதற்காக அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்த காலேஜ் பையன்கள் கொங்கு நாட்டில் எத்தனை பேர்!

ஆனால் டயல்-அப்பில் இருந்த சௌகரியம் போய்விட்டது. கம்பியும் இன்டர்நெட்டும் ஒரே கையில் சேர்ந்தன. கம்பெனியை மாற்ற வேண்டுமானால் கம்பியையே மாற்ற வேண்டும். வேறு கம்பி போடுகிறவன் கோயமுத்தூரில் இருக்கலாம், அவிநாசியில் ஏது? பெருங்கம்பெனிகள் பெரிய நகரத்து வீதிகளில் கம்பி இழுத்தன. நம் ஊர் போன்ற இடங்களுக்கு வந்தால் மூலதனம் திரும்பாது என்று கணக்குப் போட்டு ஒதுங்கிக்கொண்டன.

இதற்கு அன்று ஒரு வழி சொல்லப்பட்டது. பி.எஸ்.என்.எல்.லின் செப்புக் கம்பியைத் தனியாரும் வாடகைக்கு எடுத்து உபயோகிக்கலாம் என்று 2004 ஏப்ரலில் டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சிபாரிசு செய்தது. சர்க்கார் அதைக் கட்டாயமாக்கவில்லை. தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. எதிர்த்தது நியாயம்தான் என்பது என் அபிப்பிராயம். ஜனங்களின் வரிப் பணத்தில், தொழிலாளியின் உழைப்பில் ஊர் ஊராகப் போட்ட கம்பியை, ஒரு காசு மூலதனம் போடாதவன் எடுத்து, லாபம் வரும் வீதியில் மட்டும் வியாபாரம் நடத்துவதா? இங்கிலாந்தில் அப்படித்தான் திறந்துவிட்டார்கள். ஆனால் அங்கே நடந்ததையும் முழுக்கச் சொல்ல வேண்டும். முன்பு பொதுத்துறையாக இருந்த பிரிட்டிஷ் டெலிகாம் 1984-ல் தனியார் கைக்குப் போனது. அது தன் கம்பியை மற்றவர்களுக்குச் சரியாகக் கொடுப்பதில்லை என்று தகராறு. கடைசியில் 2006-ல் கம்பியைக் கவனிப்பதற்கென்றே அதற்குள் தனிப் பிரிவு வைக்க வேண்டியதாயிற்று. சந்தாதாரர் கம்பெனி மாற வேண்டுமானால் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு சங்கேத எண் வாங்க வேண்டும். அதைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கொடுத்தே தீர வேண்டுமென்று 2007-ல் விதி போட்டார்கள். இழுத்தடிக்கும் வித்தைக்கு தேச வித்தியாசம் கிடையாது!

அப்படியானால் பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்கள் சுகமாக இருந்தார்களா? இல்லை. சர்க்கார் இலாகாவின் அலட்சியத்தை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் டெலிபோனுக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அத்திக்கடவு தண்ணீருக்குக் காத்திருந்தது போல. பழுதென்று புகார் எழுதினால் லைன்மேன் வருவதற்குள் பழுதே சலித்துப் போய்த் தானாகச் சரியாகிவிடும். கஷ்டப்பட்டது லைன்மேனும் சேர்த்துத்தான். ஆள் எடுக்காமல், கேபிள் வாங்காமல், ஒரு மனிதனை நாலு ஊருக்கு அனுப்பினால் அவன் என்ன செய்வான்?

இதில் இன்னொரு சங்கடம். 04296 என்று ஆரம்பிக்கும் நம் ஊர் டெலிபோன் நம்பரை இருபது வருஷமாகப் பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்து வைத்திருக்கும் ஒரு பட்டறைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் மண்டியும், சாயப்பட்டறையும், திருப்பூர் கம்பெனியும் அவரை அந்த நம்பரில்தான் கூப்பிடும். அவர் இன்டர்நெட் சரியில்லையென்று தனியார் இணைப்புக்குப் போனால், நம்பரை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். செல்போன் நம்பரைக் கொண்டு போகலாம் என்று சட்டம் வந்தது. வீட்டுக் கம்பி போனுக்கு அது நம் நாட்டில் வரவே இல்லை. பல பேர் என்ன செய்தார்கள்? நம்பருக்காக பி.எஸ்.என்.எல்.லுக்கு ஒரு வாடகை, இன்டர்நெட்டுக்காக இன்னொருவனுக்கு ஒரு வாடகை என்று இரட்டைக் கிஸ்தி கட்டினார்கள்.

செல்போன் கதைக்கு வருவோம். 2003-ல் ரிலையன்ஸ் கம்பெனி, 501 ரூபாய் கொடு, போனைக் கையில் வாங்கிக்கொள் என்று தமுக்கடித்தது. ஜனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். பாமர மனிதன் கைக்குப் போன் வந்தது நல்லதே. ஆனால் அந்தப் போனில் சிம் கார்டு கிடையாது. நம்பரும் போனும் கம்பெனியும் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். கம்பெனியை விட்டால் போனைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பண்ணையில் முன்பணம் வாங்கியவன் பண்ணையை விட்டுப் போக முடியாதல்லவா, அந்த மாதிரி.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் உரிமையை சிங்கப்பூர் 1997-லேயே ஆரம்பித்தது. பாகிஸ்தான்கூட 2007 மார்ச்சில் கொண்டு வந்துவிட்டது. இங்கே டிராய் 2006 மார்ச்சில் சிபாரிசு செய்தும், தேவையில்லாத செலவு என்று கம்பெனிகள் வாதாடின. தேதி குறிப்பதும் தள்ளுவதுமாக நாலரை வருஷம் போயிற்று. 2010 நவம்பர் 25-ல் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. 1900 என்ற நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி, எட்டு எழுத்து எண்ணில் ஒரு சங்கேதம், 19 ரூபாய்க்கு மேற்படாத கட்டணம். ஆனாலும் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் கொண்டுபோக 2015 ஜூலை 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் பனியன் கம்பெனிகளுக்கு வந்த தோழர்களைக் கேளுங்கள். ஊர் நம்பரை வைத்து ரோமிங் கட்டுவதா, புது நம்பர் வாங்கிப் பெற்றோருக்குப் பாடம் பண்ணிக் கொடுப்பதா என்று அவர்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

உரிமை காகிதத்தில் வந்துவிட்டது. நடைமுறையில் என்ன செய்தார்கள் பாருங்கள்! ஏழைகள் போடுகிற மலிவு ரீசார்ஜில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியையே எடுத்துவிட்டார்கள். 1900-க்குச் செய்தி அனுப்பினால்தானே கம்பெனியை விட்டுப் போக முடியும்? செய்தி அனுப்ப வேண்டுமா, அதிக விலைத் திட்டத்தைப் போடு! ஜெயிலை விட்டு வெளியேற மனு எழுதலாம், ஆனால் பேனாவை ஜெயிலர்தான் விற்பார் என்கிற நியாயம். எந்த ரீசார்ஜ் போட்டிருந்தாலும், போடாவிட்டாலும், 1900-க்குச் செய்தி போக விட வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்ட பிறகுதான் இந்தப் பித்தலாட்டத்துக்குப் பூட்டு விழுந்தது.

2018 பிப்ரவரி மாதத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ்நாட்டில் 1999-ல் ஆரம்பித்து நம் பக்கத்தில் வேரூன்றியிருந்த ஏர்செல் கம்பெனி, அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரேயடியாக ஊமையாயிற்று. கடன் கழுத்தை நெரித்தது, கோபுரங்களை வாடகைக்கு விட்ட நிறுவனத்துடன் பாக்கித் தகராறு, கோபுரங்கள் அணைந்தன. மாத முடிவில் கம்பெனி திவால் மனுப் போட்டது. போனில் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாமல் 1900-க்குச் செய்தி போகாது. செய்தி போகாமல் சங்கேத எண் வராது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் கம்பெனி அலுவலகங்களின் முன் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பாங்குக் கணக்கு, ஆதார், காஸ் எல்லாம் அந்த நம்பரில் கட்டுண்டு கிடந்தன. ஏப்ரல் 15 வரை மாறிக்கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். தொழிலதிபர் கடனைக் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாம்; கூலிச் சேதி வராமல் போன தொழிலாளி எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

இத்தனைக்கும் சட்டப்படி நம்பர் கம்பெனியின் சொத்தல்ல. சர்க்காரின் தேசிய எண் திட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்டதைத்தான் கம்பெனி நமக்குக் கொடுக்கிறது.

பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் போட்டி போட்ட சந்தையில் இன்று மிச்சம் மூன்று தனியார் கம்பெனிகளும் பி.எஸ்.என்.எல்.லும்தான். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராக 10 முதல் 27 சதவீதம் வரை விலையை உயர்த்தினார்கள். மூன்று பேரும் உயர்த்தினால் யாரிடம் மாறுவது? பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை. அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் பேர் அதில் புதிதாகச் சேர்ந்தார்கள். மூன்று தனியார் கம்பெனிகளும் சந்தாதாரர்களை இழந்தன. பொதுத்துறை ஒன்று சந்தையில் உயிரோடு இருப்பதன் அர்த்தம் அந்த மாதம் கண்கூடாகத் தெரிந்தது.

ஆனால் வந்தவர்கள் நிலைத்தார்களா? வருஷக் கடைசியில் பலர் திரும்பிப் போனார்கள். காரணம் எளிது: வேகம் இல்லை. மற்றவர்கள் 4ஜி கொடுத்துப் பல வருஷங்களான பிறகும் பி.எஸ்.என்.எல்.லுக்கு அலைக்கற்றை கொடுக்காமல் 2019 வரை உட்கார வைத்தார்கள். 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை, ஏறக்குறைய பாதிப் பேரை, வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடு தழுவிய 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27-ல்தான் தொடக்கி வைத்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஒருவனுடைய காலைக் கட்டிவிட்டு, "பார், இவனுக்கு ஓடத் தெரியவில்லை" என்று கைகொட்டிச் சிரிப்பது யாருக்கும் எளிது.

இப்போது வீதிக்கு வீதி கண்ணாடி இழைக் கம்பி ஓடுகிறது. இதிலும் பழைய கதைதான்: கம்பி போட்டவனே இன்டர்நெட்டும் கொடுக்கிறான். ஒரு வீதியில் ஒருவன்தான் இழுத்திருக்கிறான் என்றால் விலையும் அவன் வைத்ததுதான். பஞ்சாயத்துக் கம்பத்தில், நகராட்சி ரோட்டோரத்தில் ஓடும் கம்பியை எந்த நிபந்தனையில் அனுமதிக்கிறார்கள் என்று நம் தோழர்கள் கிராம சபையிலும் நகரசபையிலும் கேட்க வேண்டும். வீட்டு போன் நம்பரையும் கொண்டு போகும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்து எழுப்ப வேண்டும்.

மாறப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஒரு கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அந்த விதி, திருட்டைத் தடுப்பதற்காக. பழைய ரீசார்ஜில் மிச்சம் இருப்பது கூட வராது. ஆகவே தீரும் தறுவாயில் மாறுங்கள். சங்கேத எண் நாலு நாள்தான் செல்லும். அதை டீக்கடையில் நிற்கும் எவனிடமும் காட்டாதீர்கள். புது சிம் பேசுகிற வரை பழைய சிம்மைப் போனை விட்டுக் கழற்றாதீர்கள். மாறுகிற அந்த சில மணி நேரத்தில் பாங்குச் செய்தி வராது. சனிக்கிழமை சம்பள நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.