தேடுவோர் கண்ணில் நம் கடை



செஞ்சியில் சிறுதொழில் நடத்துவோர் தம் இணையதளத்தைத் தேடுபொறியில் முன்வரிசைக்குக் கொணரத் திட்டமிடுவது எவ்வாறு என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். வெள்ளி விழா மேடையில் இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அரசுப்பணி கிடைத்துவிடுவதில்லை. சொந்தத் தொழில் தொடங்குவோர் கடைத்தெருவில் இடம் கேட்டால் பெருந்தொகை முன்பணமாக வேண்டும். பணம் இருந்தாலும், “நீங்கள் எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தும் மனிதர் இன்றும் இருக்கின்றனர். தேடுபொறி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அது கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றை அறிந்து விடையெழுதுவதே நம் திட்டம்.

தேடுபொறி என்பது யாது? உலகெங்கும் உள்ள இணையப் பக்கங்களைப் படித்து, அட்டவணையிட்டு, கேட்பவருக்குப் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தரும் இயந்திரம் அது. 1998இல் தொடங்கப்பெற்ற கூகுளே இன்று நம் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது. ஓர் ஊரின் கடைகளை வரிசைப்படுத்தத் தான் கொள்ளும் அளவுகோல்கள் மூன்று என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. கேட்ட பொருளுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தொலைவில் உள்ளது, எத்தனை பேரால் அறியப்பட்டது என்பனவே அவை. தொலைவு நம் கையில் இல்லை. மற்ற இரண்டும் நம் உழைப்பால் வருவன.

செஞ்சியில் ஓர் இளைஞர் வாடகைக் கார் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, வாடிக்கையாளர் வாயில் வரும் சொற்களைத் திரட்டுவது. ஒரு மாதம் வரும் தொலைபேசி அழைப்புகளை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். “மேல்மலையனூருக்கு இரவு வண்டி கிடைக்குமா?”, “கோட்டையைப் பார்த்துவிட்டுத் திருவண்ணாமலை போக எவ்வளவு ஆகும்?” என்றுதான் மக்கள் கேட்பார்கள். “தலைசிறந்த பயணச் சேவை” என்று எவரும் தேடுவதில்லை. அவர்கள் கேட்கும் சொற்களே நம் தளத்தில் இருக்கவேண்டிய சொற்கள்.

நம் ஊரின் பெயரையே பாருங்கள். தமிழில் செஞ்சி. ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கிப் பழைய முறையில் எழுதுவோர் உண்டு. ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி ஒலிப்புக்கேற்ப எழுதுவோரும் உண்டு. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டை, 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்கள் என்னும் தொகுதியில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அத்தொகுதியின் 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே. ஆகவே, அங்கிருந்து நம் ஊரைத் தேடுவோர் ‘ஜிஞ்சி’ என்றே தேடலாம். தமிழ்ப் பக்கம் ஒன்றும் ஆங்கிலப் பக்கம் ஒன்றும் எழுதி, இரு எழுத்துக்கூட்டல்களையும் இயல்பாக இடம்பெறச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது வேலை, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். மேல்மலையனூர்ப் பயணத்திற்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று, திருவண்ணாமலைக்கு ஒன்று. பக்கத்தின் தலைப்பிலேயே ஊரும் தொழிலும் விளங்கவேண்டும். கட்டணம், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். ஒரே சொல்லை நூறு முறை திணித்தால் இயந்திரம் ஏமாறும் என்று சிலர் கூறுவர். அது தண்டனைக்குரிய தந்திரம். தளம் பின்னுக்குத் தள்ளப்படும். படங்கள் கனமாக இருந்தால் மலையடிவாரத்தில் நின்று கைப்பேசியில் பார்ப்பவருக்குப் பக்கம் திறக்காது. படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள்.

மூன்றாவது வேலை, கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்னும் பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. இணையதளம் இல்லாதவரும் இதைச் செய்யலாம். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எங்கும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். பணி முடிந்ததும் வாடிக்கையாளரிடம் மதிப்புரை எழுதுமாறு கேளுங்கள், விலைக்கு வாங்காதீர்கள். இயந்திரம் சாதி கேட்காவிட்டாலும், மதிப்புரை எழுதும் மனிதரிடம் காழ்ப்பு இருக்கலாம். பொய்யுரை வந்தால் சினத்தோடு ஏசாமல், நடந்ததை நாகரிகமாக விளக்குங்கள். அடுத்து வரும் நூறு பேர் அந்த விடையைப் படிப்பார்கள்.

நான்காவது, காலக் கணக்கு. அமாவாசைதோறும் மேல்மலையனூரில் பெருங்கூட்டம். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கிரிவலம். ஆனால் இன்று எழுதியது நாளையே முன்வரிசைக்கு வராது. பலன் தெரியப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். கார்த்திகைத் தீபத்திற்கான பக்கத்தைச் சித்திரையிலேயே எழுதிவிட வேண்டும். எந்தச் சொல்லால் எத்தனை பேர் வந்தனர் என்பதை சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி காட்டும். மாதம் ஒருமுறை அதையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, உரிமை. இதை நீங்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டும். தளத்தின் முகவரி உங்கள் பெயரில் பதிவாகட்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் அது இருந்தால், நீங்கள் கட்டிய வீட்டில் நீங்களே குடிக்கூலிக்காரர். “முதலிடம் உறுதி, மாதம் இவ்வளவு கொடுங்கள்” என்று வருவோரிடம் கடன் வாங்கிய பணத்தைக் கொட்டாதீர்கள். அத்தகைய உறுதியை எவராலும் தர இயலாது என்று கூகுளே எச்சரிக்கிறது. பணம் கட்டிப் பெறுவது விளம்பர இடம். அது தனியே குறிக்கப்படும். இயல்பான வரிசையில் இடம் விற்கப்படுவதில்லை.

நம் செய்தியை நம் பெயரால், நம் சொல்லால் எழுதுவது நமக்குப் புதிதன்று. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, எளியவரும் வாங்கத்தக்க விலையையே பெயரில் பொறித்தார். யார் படிக்க வேண்டும், அவர் எப்படிக் கண்டடைவார் என்று அம்முன்னோர் எண்ணினர். அதே கேள்வியைத்தான் இன்று நாம் கைப்பேசித் திரையின் முன் கேட்கிறோம்.

ஆகவே இளைஞர்களே, இச்சங்கத்தால் எழுத்தறிவு பெற்ற நீங்கள் ஒவ்வொருவரும் நம்மவர் கடை ஒன்றைத் தெரிந்தெடுங்கள். தையற்கடையோ, புகைப்பட நிலையமோ, சிற்றுண்டிச் சாலையோ, எதுவாயினும் சரி. அக்கடைக்காரரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல்லை அவர் கையிலேயே ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை கடைகளுக்கு எத்தனை அழைப்புகள் வந்தன என்ற கணக்கை இம்மேடையில் படியுங்கள்.